யான்புவில் நோன்புக் கஞ்சி

சவூதியின் யான்பு என்பது மூன்று ஊர். கடலோரத்தில் பழைய துறைமுகம். உள்ளே பேரீச்சந்தோப்புகள் நிறைந்த யான்பு அல்-நக்ல். தெற்கே, 1975இல் தொடங்கிய ராயல் கமிஷன் எழுப்பிய தொழில் நகரம். கிழக்கு மாகாணத்து அப்கைக்கிலிருந்து 1,200 கிலோமீட்டர் குழாயில் வரும் கச்சா எண்ணெய் இங்கேதான் செங்கடலைத் தொடுகிறது. ஆலைகளில் சாரம் கட்டவும் வெல்டிங் செய்யவும் வந்த நம்மவர்கள், ரமலான் வெள்ளிக்கிழமைகளில் ஓர் இஸ்திராஹாவை வாடகைக்குப் பிடித்து நோன்பு திறக்கிறார்கள். சுற்றுச்சுவர், திறந்த முற்றம், ஓரமாக ஒரு சமையலறை. அவ்வளவுதான் அந்த இடம். ஆளுக்கு ஒரு வீட்டுப் பதார்த்தம் என்பது ஏற்பாடு.

நான் போனபோது கஞ்சி ஏறிவிட்டிருந்தது. அடுப்படியில் நின்றவர் கீழக்கரைக்காரர், பைப் ஃபிட்டர். எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். ரமலானில் முஸ்லிம் தொழிலாளரிடம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது சவூதிச் சட்டம். மிச்ச நேரம் கஞ்சித் தேக்சாவுக்குப் போய்விடுவதாகச் சிரித்தார்.

அவருடைய முதல் தலைவலி அரிசி. நம் ஊர்க் குருணை இங்கே எளிதில் கிடைக்காது. பாஸ்மதியை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டால் நொய் ஆகிவிடும், ஆனால் பசை வராது. தண்ணீர் தனியாக, பருக்கை தனியாக நிற்கும். அதனால் பாதிக்குப் பாதி மிஸ்ரி அரிசி சேர்க்கிறார். எகிப்தியர் வாங்கும் அந்தக் குட்டை அரிசி பக்காலா என்னும் மளிகைக்கடையிலேயே கிடைக்கிறது. எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம், பிறகு வெந்தயம். "வெந்தயம் செவக்கணும் தம்பி, கருகிட்டா அம்பது பேர் நோன்பும் கசந்துரும்." வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, கொத்துக்கறி வதங்கிய பிறகு அரிசியும் பாசிப்பருப்பும். ரம்பை இலை ஊரிலிருந்து பெட்டியில் வந்தது, காய்ந்துபோயிருந்தாலும் வாசம் போகவில்லை. தேங்காய்ப்பால் கடைசியில். அது விழுந்த பிறகு கொதிக்க விட்டால் திரிந்துவிடும். நோன்பாளி ருசி பார்க்க முடியாதே, உப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கரண்டியைத் தூக்கி ஆவியை முகர்ந்து காட்டினார். நான் நம்பவில்லை. பாங்கு சொன்ன பிறகு குடித்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

துபாய் தேராவில் ஈமான் அமைப்பு தொழிலாளர்களுக்கு இதே கஞ்சியை அண்டா அண்டாவாக வழங்குகிறது. தமிழ்நாட்டிலோ 2001 முதல் பள்ளிவாசல்களுக்கு அரசே கஞ்சி அரிசி தருகிறது. யான்புவில் அரசும் இல்லை, அமைப்பும் இல்லை. சந்தாவும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான்.

தரையில் விரித்த சுப்ராவில், பக்கத்தில் ஹைதராபாத்துக்காரர் ஹலீம் வைத்தார். யமன்காரர் ரொட்டி கொண்டுவந்தார். என்னை நிறுத்தியது ஒரு சூடான் குடும்பம் கொண்டுவந்த பழுப்பு நிறப் பானம், ஹிலு முர். முளைகட்டிய சோளத்தை அரைத்து, மசாலா சேர்த்துப் புளிக்க வைத்து, கல்லில் மெல்லிய தாள்களாகச் சுட்டு உலர்த்துகிறார்கள். ரமலானுக்குப் பல நாள் முன்பே தொடங்கும் வேலை. தாளைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிச் சர்க்கரை சேர்த்தால் பானம். பெண்கள் பகுதிக்குள் நான் போக முடியாது என்பதால், செய்முறை அந்த அம்மாவிடமிருந்து மகன் வழியாக வந்தது. 2023 ஏப்ரல் 15இல் கார்ட்டூமில் சண்டை மூண்டபின் போர்ட் சூடானில் கப்பலேறி ஜித்தாவில் இறங்கிய குடும்பம். சவூதி 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை; எனவே காகிதத்தில் அவர்கள் அகதிகளும் அல்லர். விசா நீட்டிப்பு வந்ததா என்று பையன் அடிக்கடி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அன்று முற்றத்தில் குடும்பங்கள் சொற்பம். திரைக்கு அப்பாலிருந்து தட்டுகள் வந்தது மூன்று நான்கு வீட்டிலிருந்துதான். முன்பெல்லாம் வடையும் சமோசாவும் அந்தப் பக்கத்திலிருந்தே குவியும் என்றார்கள். 2017 ஜூலையில் வெளிநாட்டார் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி 2020இல் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். ஃபிட்டர் சம்பளத்தில் அது நடக்காத காரியம். காக்காவும் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார். கஞ்சி வைக்கக் கற்றது அதற்குப் பிறகுதான். கீழக்கரையிலிருந்து மனைவி வீடியோ காலில் சொல்லச் சொல்ல. "அவ கைப்பக்குவம் வராது. ஆனா அளவு அவ சொன்னதுதான்."

வளைகுடா விருந்தோம்பல் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பந்தியைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். பந்திக்குப் பின்னால் இருப்பது ஷிப்டு முடித்துவந்து அண்டா கிளறும் தோள். சோளத் தாள் சுட்டவரோ பந்திக்கே வருவதில்லை. வளைகுடாவின் ஹரீஸ் உணவைச் செய்யும் கலை 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, நல்லது. நம் கஞ்சியை எந்தப் பட்டியலிலும் ஏற்ற வேண்டாம். கிளறுகிறவருக்குக் கூட ஓர் ஆள் கிடைத்தால் போதும்.

யான்புவில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: மக்ரிபுக்கு வந்து உட்காரப் பத்து நிமிடம் போதும். வெங்காயம் நறுக்கும் வேலை ஜும்ஆ முடிந்ததும் தொடங்குகிறது. அப்போதே வாருங்கள், கத்தி அங்கேயே இருக்கிறது.