சூனேமியாளும் அப்பாவின் பாஸ்புக்கும்



சென்ற மாதப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இரண்டாம் இராஜாக்கள் எட்டாம் அதிகாரத்தைத் தியானித்தோம். எலிசாவின் சொற்கேட்டுப் பஞ்சத்துக்குத் தப்பிய சூனேமியாள், பெலிஸ்தரின் தேசத்தில் ஏழு வருடம் தங்கித் திரும்பி வருகிறாள். அவளுடைய வீடும் வயலும் அவள் கையில் இல்லை. அவள் ஒதுங்கி அழுதுகொண்டிராமல் நேரே ராஜாவிடம் போய் முறையிடுகிறாள். ராஜா அவளை விசாரித்து, ஒரு பிரதானியை நியமித்து, நிலத்தை மட்டுமல்ல, அவள் புறப்பட்ட நாள் தொட்டு அது தந்த விளைச்சலின் வருமானத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிடுகிறான். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒரு பாட்டியம்மா என்னை நிறுத்தி, "ஐயா, அந்தப் பிரதானி இப்போ எந்த ஆபீசுல இருக்காரு?" என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதை இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். எழுதினால் என் குறையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

என் தகப்பனார் பள்ளி ஆசிரியர். 2011ஆம் ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய வேதாகமம் அம்மாவின் தலைமாட்டிலேயே இருந்தது. அட்டை பிரிந்து தாள்கள் உதிரத் தொடங்கியதால், 2024இல் அதை பைண்டிங் செய்யக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்தத் தொழிலாளி வேதாகமத்தோடு ஒரு நீலநிறப் பாஸ்புக்கையும் என் கையில் வைத்தார். "அட்டைக்கும் துணி உறைக்கும் நடுவுல இருந்துச்சு ஐயா" என்றார். அப்பாவின் சேமிப்புக் கணக்கு. கடைசிப் பதிவு 2009 மார்ச். இருப்பு 21,640 ரூபாய்.

கணக்கு இருந்த வங்கியின் பெயர்ப்பலகையே இன்று ஊரில் இல்லை. பலர் இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதிருங்கள். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. பழைய வங்கியின் கணக்குகள் யாவும் புதிய வங்கியின் பொறுப்பில் இருக்கின்றன.

பத்து ஆண்டுகள் தொடப்படாத கணக்கின் பணத்தை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் கீழுள்ள ஒரு நிதிக்கு மாற்றிவிட வேண்டும். 2014 முதல் இதுவே முறை. 2023 பிப்ரவரி முடியப் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இவ்வாறு மாற்றிய தொகை ஏறத்தாழ 35,000 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இந்தப் பணம் அரசுக்குச் சொந்தமாகிவிடவில்லை. உரியவரோ அவருடைய வாரிசோ எந்நாளில் வந்து கேட்டாலும், வங்கி அதைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அந்த நிதியிலிருந்து பெற்றுக்கொள்ளும். வட்டி தரும் கணக்காயிருந்தால், ரிசர்வ் வங்கி வகுத்த வீதத்தில் வட்டியும் உண்டு. சூனேமியாளின் வயலுக்குக் கிடைத்த வருமானம் எனக்கு நினைவுக்கு வந்தது.

தேடுவதற்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்னும் இணையதளத்தைத் திறந்தது. முப்பது வங்கிகளின் பட்டியலை ஒரே இடத்தில் தேடலாம். கட்டணம் இல்லை. கணக்குதாரரின் பெயரும் வங்கியின் பெயரும் வேண்டும். அவற்றோடு பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றுள் ஒன்றின் எண்ணையோ பிறந்த தேதியையோ கொடுக்க வேண்டும். நான் முதல் இரண்டு முறை தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பாவின் பெயர் 'ஞா' என்று தொடங்கும். ஆங்கிலத்தில் அதை 'ஜி' இட்டு எழுதுவோரும் உண்டு, 'என்' இட்டு எழுதுவோரும் உண்டு. நம் ஞானஸ்நானப் பெயர்கள் ஆங்கிலத்தில் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாம் முறை 'என்' இட்டுத் தேடினேன். அப்பாவின் பெயரும், நாங்கள் சிறுவயதில் வாழ்ந்த வாடகை வீட்டின் முகவரியும் திரையில் வந்தன. தொகை எவ்வளவு என்று அது சொல்வதில்லை. ஒரு குறிப்பு எண்ணைத் தருகிறது. அதை எடுத்துக்கொண்டு கிளைக்குச் சென்றேன்.

அப்பா நியமனதாரராக எவரையும் குறிப்பிட்டிருக்கவில்லை. ஆகவே இறப்புச் சான்றிதழோடு வாரிசுச் சான்றிதழும் தேவை என்றார்கள். இறப்புச் சான்றிதழ் நகராட்சிப் பதிவேட்டிலிருந்து பெற்றது ஏற்கெனவே வீட்டில் இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின், வட்டாட்சியர் அதை வழங்குகிறார்.

இ-சேவை மையத்தில் கணினிமுன் அமர்ந்திருந்த பெண்பிள்ளை, "அப்பாவுக்குப் பிள்ளைங்க எத்தனை பேரு ஐயா?" என்று கேட்டாள்.

பிரியமானவர்களே, நான் உடனே பதில் சொல்லவில்லை.

எனக்கு ஓர் அண்ணன் உண்டு. அப்பாவின் மறைவுக்குப்பின் பூர்வீக வீட்டைப் பற்றி எழுந்த பிணக்கில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. ஒன்பது ஆண்டுகள். ஒப்புரவாகுதலைக் குறித்து உங்களுக்கு எத்தனை பிரசங்கங்கள் செய்தேனோ, அத்தனையும் அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்ளும் அடங்கும். "சொற்பத் தொகை, அண்ணனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? அம்மா, நான், தங்கை என்று மூன்று பெயர் போதாதா?" என்று என் மனம் சொன்னது. அது தொந்தரவைப் பற்றிய கவலையன்று. அவருக்குத் தொலைபேசியில் அழைக்கும் துணிவு எனக்கு இல்லை, அவ்வளவே. பெயரை விட்டிருந்தால் அரசாங்கத்தின் ஏட்டில் பொய் எழுதியவனாவேன். நம் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமபங்கு. அதில் மகன் மகள் என்ற பேதமுமில்லை, பேசும் மகன் பேசாத மகன் என்ற பேதமுமில்லை.

"மூன்று பேர்" என்றேன். "அப்போ மூணு பேரோட ஆதார் நகலும் வேணும் ஐயா" என்றாள்.

அன்று மாலை சபைக் கதவைச் சாத்திவிட்டு வேப்பமரத்தடியில் நின்று அழைத்தேன். நான்காவது மணியில் எடுத்தார். என் பெயரைச் சொல்லவுமில்லை, நலம் விசாரிக்கவுமில்லை. "அம்மாவுக்கு என்னடா?" என்றார். குரல் நடுங்கிற்று. ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் தம்பியின் எண் கைபேசியில் ஒளிர்ந்தால், அண்ணன் வேறென்ன நினைப்பார்? "அம்மா நல்லா இருக்காங்க அண்ணே, அப்பாவோட பாஸ்புக் ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றேன். நெடுநேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "நீலக்கலரா?" என்று கேட்டார். அந்தக் கணக்கைத் தொடங்கிய நாளில் அப்பா அவரைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து வங்கிக்கு அழைத்துப் போனாராம். எனக்கு அது தெரியாது.

பத்து நிமிடத்தில் ஆதார் நகல் வாட்ஸ்அப்பில் வந்தது.

சான்றிதழ் கைக்கு வந்தபின், வாரிசுகள் அனைவரும் கிளையில் கையொப்பமிட வேண்டியிருந்தது. அண்ணன் இரவு ரயிலில் வந்து, அம்மாவோடு காலை உணவு உண்டு, எங்களோடு வங்கிக்கு வந்தார். வட்டியோடு 36,000 ரூபாய் கிடைத்தது. அம்மாவுக்கு 12,000, எங்கள் மூவருக்கும் தலா 8,000. அன்று மாலையே அவர் திரும்பிவிட்டார். வீட்டு விஷயத்தை நாங்கள் இன்னும் பேசவில்லை. ஆனாலும் ஞாயிறு இரவுகளில் அம்மாவை விசாரிக்க என் எண்ணுக்கே அழைக்கிறார். முடிக்கப்பட்ட கணக்கு என்று முத்திரையிட்ட அந்தப் பாஸ்புக்கை நான் வைத்துக்கொள்ள விரும்பினேன். அம்மா அதை அவர் பையில் வைத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வங்கி மட்டுமல்ல, கேட்பாரற்ற காப்பீட்டுப் பணமும் பத்து ஆண்டுகளுக்குப்பின் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடுகிறது. அதைக் கேட்டுப்பெற 25 ஆண்டுகள் அவகாசம் உண்டு. பங்கில் ஒரு சதவீதம் தந்தால் மீட்டுத் தருகிறேன் என்று வருவோரிடம் கையெழுத்துப் போடாதிருங்கள். விதவைகளாய் இருக்கும் நம் சகோதரிகளைத்தான் அவர்கள் முதலில் தேடி வருகிறார்கள். உங்கள் சொந்தக் கணக்குகளில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நியமனதாரர் பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்ப்பவரேயன்றி, அதற்கு முழுச் சொந்தக்காரர் அல்லர் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாலிபர் ஐக்கியப் பிள்ளைகள் இருவர் மடிக்கணினியோடு ஓய்வுநாள் பள்ளி அறையில் அமர்ந்திருப்பார்கள். மறைந்தவர்களின் வாக்காளர் அட்டையோ பழைய பாஸ்புக்கோ இருந்தால் எடுத்து வாருங்கள். உங்கள் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அதை எங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம்.