சீறும் அன்னம்

ஹாலந்துக்குப் போய் வருகிற நம்மவர்கள் டூலிப் தோட்டத்தையும் காற்றாலையையும் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு அப்படியொரு பிரயாணம் வாய்த்தால், அரை நாளை மிச்சம் பிடித்து ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஹேக் நகரத்துக்கு ரயில் ஏறுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே லௌமன் மியூஸியம் என்று ஒன்று இருக்கிறது. இருநூறுக்கு மேற்பட்ட பழைய மோட்டார்கள் பளபளவென்று நிற்கும். அவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில், கல்கத்தாவில் ஓடிய அன்னம் எங்கே என்று விசாரியுங்கள்.

கண்டவுடன் நம் கோயில் அன்ன வாகனம்தான் ஞாபகத்துக்கு வரும். வளைந்த கழுத்து, செதுக்கிய சிறகுகள், தாமரைப் பூவும் தங்க ரேக்குமாக ஒரே ஜோர்! ஆனால் இந்த அன்னத்துக்குத் தோள் கொடுக்க ஆட்கள் வேண்டாம். உள்ளே பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது.

கல்கத்தாவில் வசித்த ராபர்ட் மாத்யூஸன் என்ற துரைக்கு 1910-ல் பிறந்த ஆசை இது. செய்து கொடுத்தது இங்கிலாந்தில் லோஸ்டாஃப்ட் துறைமுகத்திலிருந்த ப்ரூக் கம்பெனி. படகு எஞ்சின் செய்து கை தேர்ந்தவர்கள். அதனால்தானோ என்னவோ, பின்னால் உட்கார்ந்திருக்கும் எஜமானர் டிரைவருக்கு உத்தரவு போடக் கப்பலில் இருப்பது போன்ற தந்திக் கருவி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் புகையைக் கொண்டே ஊதுகிற எட்டுக் குழல் ஆர்கன் ஒன்றும் உண்டு. ஹார்மோனியம் மாதிரி கட்டையை அழுத்தி வாசிக்க வேண்டியதுதான். யானை லத்தியில் சக்கரம் ஏறிவிட்டால் டயரைத் துடைக்கப் பிரஷ். வால் பக்கத்தில் ஒரு வால்வு. திறந்தால் சுண்ணாம்புக் குழம்பு சாலையில் பொத்தென்று விழும். எதற்கு என்கிறீர்களா? பறவை என்றால் எல்லாம் இருக்க வேண்டாமா? குழந்தைகள் படிக்கிற பத்திரிகை. இதற்கு மேல் விவரிக்க மாட்டேன்.

இதுவரை சிரிக்கலாம். அலகுக்கு வரும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரோடு அலகை இணைத்திருக்கிறார்கள். டிரைவர் நினைத்தால் அது வாயைப் பிளந்து நீராவியைச் சீறும். வழியில் நிற்கிற கூட்டத்தை விலக்க இந்த ஏற்பாடு! இந்தியாவின் தலைநகரமாக இருந்த கல்கத்தாவின் தெருவில் வழியில் நிற்கிறவர்கள் யார்? வண்டிக்காரன், மூட்டை தூக்குகிறவன், வேடிக்கை பார்க்க ஓடி வந்த பையன். துரையின் பெயர் சரித்திரத்தில் ஏறிவிட்டது. அலறி ஓடினவன் பெயர் ஏறவில்லை. தெருவே அமளிப்பட்டதைக் கண்டு போலீஸார் இந்த வண்டி வெளியே வரக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். துரைமார் ராஜ்யத்தில் ஒரு துரையின் வண்டியையே தடுத்தார்களென்றால், அமளி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பிற்பாடு அன்னம் பஞ்சாப் பக்கத்து நாபா சமஸ்தானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மகாராஜாவின் குடும்பத்தில் எழுபது வருஷத்துக்கு மேல் இருந்தது. 1991-ல் மியூஸியத்தார் வாங்கிப் பழுது பார்த்து, பழைய கோலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலைத்திறனைக் குறை சொல்லவே முடியாது. தங்க ரேக்கின் மினுமினுப்பைப் பார்த்தால் நேற்றுத்தான் பட்டறையிலிருந்து இறங்கியது போலிருக்கும்.

கிளம்பிவிடாதீர்கள், இன்னொன்றும் இருக்கிறது. நாபா அரண்மனையில் இந்த அன்னத்துக்கு ஒரு குஞ்சும் செய்துகொண்டார்கள். அதே கழுத்து, அதே அலகு, உருவம் மட்டும் சிறிசு. அது பாட்டரியில் ஓடுகிற வண்டி. ஆகவே சீறுவதற்கு அதனிடம் நீராவி கிடையாது. தாயும் குஞ்சும் இப்போது ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன.