41-வது மெயில்

போஸ்ட்டாக் கேட்டு இதுவரை 40 பேராசிரியர்களுக்கு மெயில் தட்டியாச்சு மக்களே. வந்த பதில் மூன்று. அதிலும் ஒன்று, 'சொந்தமா ஃபெலோஷிப் வாங்கிட்டு வா' ரகம்.

நேற்று செங்கல்பட்டில் பஸ் பிடித்து மாமல்லபுரம் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். (தெற்கே கொஞ்ச தூரத்தில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம். நான் படித்ததோ பூச்சியியல்!)

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ஞாபகம் வந்தார். இயற்பியலில் பி.எச்டி. முடித்து உயிரியலுக்குத் தாவியவர். ரைபோசோம் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதிய கடிதம்தான் 1978இல் அவரை யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் ஆக்கியது. அதற்கப்புறம் வேலை தேடியபோது சுமார் 50 பல்கலைக்கழகங்கள் கைவிரித்தன. அதே ரைபோசோமுக்குத்தான் 2009இல் நோபல்.

செல்போனில் என் மெயில்களைத் திறந்தேன். நாற்பதும் ஒரே மெயில், பெயர் மட்டும் வேறு. அந்த நாற்பது பேரில் ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையையாவது முழுசாகப் படித்தேனா? ம்ஹூம்...

ராத்திரி ஒன்றை பிரிண்ட் எடுத்தேன். 14 பக்கம். ஆறாவது பக்கத்தில் ஒரு சந்தேகம். அதைக் கேட்டுத்தான் எழுதப் போகிறேன்.