வீடு தேடி வரும் சிங்கம்

ஜப்பான் நாட்டுக் காடுகளில் சிங்கம் இல்லை. எனினும், அந்நாட்டுக் கோயில் விழாக்களில் சிங்கத்தைக் காணாத சிறுவர் அரியர். சீனம், கொரியா ஆகிய நாடுகளின் வழியே கூத்து வடிவிற் கடல் கடந்து வந்த சிங்கம் அது. மரத்தாற் செதுக்கி அரக்குப் பூசிய தலையும், துணியாலான உடலும் உடையது.

தெய்வத்தின் திருமுன் ஆடும் ஆடலை ஜப்பானியர் ‘ககுரா’ என்பர். அதன் தோற்றம்பற்றி ஒரு கதை உண்டு. ஞாயிற்றுத் தேவியாகிய அமதெராசு சினங்கொண்டு குகையுள் மறைந்தாள், உலகம் இருண்டது. அப்பொழுது உசுமே என்னும் தேவதை, கவிழ்த்துவைத்த தொட்டியின்மேல் ஏறி ஆடினாள். தேவர்கள் வாய்விட்டு நகைத்தனர். நகைப்பொலி கேட்டு வியந்த ஞாயிற்றுத் தேவி குகைவாயிலைச் சற்றே திறந்தாள், ஒளி மீண்டது. 712-ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற ‘கொசிகி’ என்னும் நூலில் இக்கதை காணப்படுகிறது. வேண்டுதலால் வாராத ஒளி நகைப்பால் வந்தது என்பது சுவையான செய்தியன்றோ?

வடகிழக்குக் கடற்கரையில், இவாத்தே மாநிலத்து மியாகோ நகரில் குரோமோரி என்னும் மலையும், அதன்கண் ஒரு கோயிலும் உள்ளன. பிற இடங்களில் மக்கள் தெய்வத்தை நாடிச் செல்வர். இங்கோ தெய்வமே மக்களை நாடிச் செல்கிறது. புத்தாண்டு பிறந்ததும் ஆடற்குழுவினர் சிங்கத்தலையைச் சுமந்து புறப்படுவர். ஓராண்டு வடக்கே, மறு ஆண்டு தெற்கே எனக் கடலோர ஊர்தோறும் செல்வர். முரசும் குழலும் தாளமும் முழங்கச் சிங்கம் வீட்டு வாயிலில் ஆடும். அதன் மரப்பற்கள் ஒன்றோடொன்று மோதி எழும் ஓசை தீமையை ஓட்டும் என்பது மக்கள் நம்பிக்கை. இரவில், இடமளித்த வீட்டுக் கூடமே ஆடரங்காகும்.

சிங்கத்தலையை அவர்கள் வெறும் முகமூடியாகக் கருதுவதில்லை. தெய்வத்தின் திருவுருவாகவே போற்றுவர். ஆதலால், தேய்ந்து பழுதுற்ற தலைகளையும் எறிந்துவிடாமல் கோயிலிலே காத்து வருகின்றனர். அவற்றுள் ஒன்று 1485-ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துப் பொறிப்பு உடையது.

2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை அக்கரை முழுவதையும் தாக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சிங்கத்திற்கு இடமளித்து வந்த வீடுகள் பல அலைவாய்ப்பட்டன. வாயிலில் நின்று வரவேற்றோர் பலர் மாண்டனர். வரவேற்பார் இல்லாத ஊருக்குச் சிங்கம் எவ்வாறு செல்லும்?

இறந்தோர்க்காக அவர்தம் கல்லறைமுன் நிகழ்த்தும் வழிபாடு ஒன்று இக்குழுவினரின் பழைய மரபிலேயே உண்டு. ஆதலின், துயருற்ற ஊருக்குச் செல்வது அவர்கட்குப் புதிதன்று. முரசையும் குழலையும் எடுத்துக்கொண்டு, சிங்கத்தலையுடன் அவர்கள் மீண்டும் அக்கடலோர வழியே நடந்தனர்.