பின்னின்று பாடிய குரல்கள்

பிற நாட்டாரின் பாடல்களைச் செவிமடுப்பதற்குச் சிறிது பொறுமை வேண்டும். மொழி நம்முடையதன்று, தாளம் நம்முடையதன்று, பாடல் பிறந்த காலமும் நம்முடையதன்று. பழகாத உணவை வாயிலிட்டவுடன் முகஞ்சுளிப்பது போல, பழகாத இசையைக் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொள்வது எளிது. 'வெறும் கூச்சல்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அதனினும் எளிது. ஆனால் பெரியவர்களாகிய நாம் அவ்வாறு தள்ளிவிடும் பாடல்களைத்தாம் நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கேட்கின்றனர். அவர்கள் கேட்பது இன்னதென்று அறியாமலே அதனைப் பழிப்பது முறையாகுமா?

இவ்வெண்ணத்துடன்தான் அமெரிக்க நாட்டின் 'சுப்ரீம்ஸ்' என்னும் பெண்கள் குழுவினர் பாடிய பாடல்களைச் சென்ற கோடை விடுமுறையில் பத்து நாட்கள் தொடர்ந்து கேட்டோம். அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த பாடல்களாயினும் நமக்கு அவை புத்தம் புதியவை. கல்லூரியில் பயிலும் நம் தங்கை மகள் தன் கைப்பேசியில் ஒரு டசன் பாடல்களைத் தேர்ந்து வைத்து, "மாமா, எனக்காகப் புகழவும் வேண்டாம், பழையது என்று ஒதுக்கவும் வேண்டாம். கேட்டதும் என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள்" என்றாள். தோன்றியதை உள்ளபடியே இங்கு எழுதுகின்றோம்.

மூவர் வந்த வழி

பாடலுக்குமுன் பாடியவர்களைச் சற்று அறிந்துகொள்வோம். டெட்ராய்ட் என்பது மோட்டார் வாகனத் தொழிலால் பேர்பெற்ற நகரம். அங்கு ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்கென அரசு கட்டிய பிரூஸ்டர் குடியிருப்பில் வளர்ந்த கறுப்பினச் சிறுமியர் புளோரன்ஸ் பல்லார்டு, மேரி வில்சன், டயானா ராஸ் ஆகியோர். 1959-ஆம் ஆண்டில், பதினைந்து பதினாறு வயதிலேயே, மற்றொரு தோழியையும் சேர்த்துக்கொண்டு 'பிரைமெட்ஸ்' என்ற பெயரில் பாடத் தொடங்கினர்.

அதே ஆண்டில் அதே நகரில் பெர்ரி கோர்டி என்பவர் தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் 'மோட்டவுன்' என்று உலகெங்கும் அறியப்பட்ட நிறுவனம் அதுவே. அதற்கென மாளிகை எதுவும் இல்லை. சாலையோரத்துச் சாதாரண வீடு ஒன்றே அலுவலகமும் ஒலிப்பதிவுக் கூடமுமாயிற்று. பாடலுக்கு எதிரொலி வேண்டுமாயின், கூரைக்குக் கீழிருந்த பரண் அறையை அதற்குப் பயன்படுத்தினர். நம் சிறுமியர் பள்ளி முடிந்ததும் அவ்வீட்டிற்குச் சென்று காத்துக்கிடந்தனர். பிறர் பாடும் பாடல்களுக்குக் கைதட்டிக் கொடுத்தனர். 1961 ஜனவரியில் அவர்களுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. 'சுப்ரீம்ஸ்' என்ற புதிய பெயரைத் தேர்ந்தவர் புளோரன்ஸ்.

அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருவெற்றி எதுவும் இல்லை. 'வெற்றியே காணாத சுப்ரீம்ஸ்' என்று நிறுவனத்தாரே கேலி பேசினர். 1964 ஆகஸ்டில் 'வேர் டிட் அவர் லவ் கோ' என்ற பாடல் அமெரிக்காவில் முதலிடத்தை அடைந்தது. பீட்டில்ஸ் குழு உலகையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. எனினும் 1964-இலும் 1965-இலுமாக இப்பெண்களின் ஐந்து பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முதலிடம் பெற்றன. 1969-க்குள் அவ்வெண்ணிக்கை பன்னிரண்டாயிற்று. கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகத் தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இம்மூவரும் நாட்டின் வரவேற்பறைகளில் தொலைக்காட்சி வழியே மதிப்புடன் நுழைந்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் தோன்றியது

முதலில் நம்மைக் கவர்ந்தது குரலன்று, காலடி ஓசை! அந்த முதல் வெற்றிப் பாடலின் தொடக்கத்தில் ஒரு கூட்டம் மரத்தளத்தின் மேல் அணிவகுத்து நடப்பது போன்ற ஓசை வருகின்றது. மரப்பலகைகளைக் காலால் மிதித்தே அதனை உண்டாக்கினராம். அதன்மேல் டயானா ராஸின் குரல் எழுகின்றது. மெல்லிய குரல். உரத்துப் பாடாத குரல். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அப்பால் நின்று தன் மனக்குறையைச் சொல்வது போன்ற குரல். பாடலின் பொருளோ, காதலன் கைவிட்டுப் போகின்றான் என்னும் கெஞ்சல். சோகத்தைச் சொல்லும் பாடலுக்கு இத்துணை உற்சாகமான நடை ஏன் என்று முதல் நாள் விளங்கவில்லை. மூன்றாம் நாள் விளங்கிற்று. துன்பத்தைத் தலைநிமிர்ந்து நடந்தபடியே சொல்லும் மக்களின் இசை அது.

இப்பாடலை முதலில் மற்றொரு பெண்கள் குழு வேண்டாமென்று ஒதுக்கியதாகவும், சுப்ரீம்ஸ் பெண்களுக்கும் இது பிடிக்கவில்லை என்றும் பின்னாளில் சொல்லப்பட்டது. பிடிக்காத பாடலையும் இவ்வளவு நேர்த்தியாகப் பாடியிருக்கின்றனர்!

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. நான்கைந்து பாடல்களைத் தொடர்ந்து கேட்டதும் ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாமற் போயிற்று. அதே தாளம், அதே கைதட்டல், அதே வேண்டுகோள். இதற்கும் காரணம் உண்டு. கோர்டி, கோர்டியாவதற்குமுன் மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். உதிரிப் பாகங்கள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் புத்தம் புதுக் காராக வெளிவருவதைக் கண்டவர். பாடலையும் அவ்வாறே செய்ய இயலுமென எண்ணினார். பாடல்களை இயற்ற ஹாலந்து சகோதரர் இருவரும் லமான்ட் டோசியரும். வாசிக்க நிலையான ஓர் இசைக்குழு. நடக்கவும் அமரவும் பேசவும் பழக்க மாக்சின் பவல் என்ற அம்மையார். மேடை அசைவுகளைக் கற்பிக்க ஓர் ஆசிரியர். ஒரு பாடல் வென்றால் அடுத்ததும் அதே அச்சில் வார்க்கப்பட்டது. இனிப்புதான், ஆயினும் ஒரே கடையின் இனிப்பு.

இன்னொரு குறையும் நெருடிற்று. இப்பாடல்களில் வரும் பெண் எப்போதும் காத்திருக்கின்றாள், கெஞ்சுகின்றாள், அழுகின்றாள். அவளுக்கு வேறு வேலையே இல்லையோ என்று கேட்கத் தோன்றியது. தங்கை மகளிடம் இதைச் சொன்னோம். "அடுத்த மூன்று பாட்டையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், மாமா" என்றாள்.

குடும்பம் பேசும் பாடல்கள்

அவள் குறிப்பிட்ட முதற் பாடல் 1966-இல் வந்த 'யூ கான்ட் ஹரி லவ்'. அன்பை அவசரப்படுத்த இயலாது, பொறுத்திரு என்று தாய் தனக்குச் சொன்ன அறிவுரையை மகள் நினைவுகூர்கின்றாள். கேட்கும்போதே இதில் ஏதோ ஆலயத்தின் சாயல் இருக்கின்றதே என்று எண்ணினோம். உண்மையும் அதுவே. டாரத்தி லவ் கோட்ஸ் என்ற அம்மையார் 1950-களில் பாடிய ஒரு நற்செய்திப் பாடலிலிருந்து இதன் கரு எடுக்கப்பட்டது. கடவுளை அவசரப்படுத்தாதே, அவர் உரிய நேரத்தில் வருவார் என்பது அந்த மூலப் பாடலின் கருத்து. கோவிலில் இறைவனைப் பற்றிச் சொன்னதை வானொலியில் காதலைப் பற்றிச் சொல்லிவிட்டனர். சிலர் இதனைக் குறையாகக் கருதலாம். நமக்கோ, அப்பெண்களின் பிள்ளைப் பருவத்து ஞாயிற்றுக்கிழமை அவர்களை விட்டு நீங்கவில்லை என்றே தோன்றியது.

இரண்டாவது பாடல் 1968-இன் 'லவ் சைல்டு'. மணவுறவின்றிப் பிறந்து, தந்தையின் பெயரின்றி, கந்தல் உடுத்து வளர்ந்த ஒரு பெண், தன் காதலனிடம் எல்லை மீற வேண்டாமென்று மறுக்கின்றாள். தான் பட்ட அவமானத்தை இன்னொரு குழந்தை படக்கூடாது என்பதே அவள் சொல்லும் காரணம். நாடெங்கும் இளைஞர் கேட்டு ஆடிய, முதலிடம் பெற்ற பாடலில் இப்படியொரு பொருளா என்று வியந்தோம். இளையோர்க்கான கருத்தரங்கில் நாம் ஒரு மணிநேரம் சொல்லத் தடுமாறுவதை மூன்று நிமிடங்களில் சொல்லிவிடுகின்றது. அப்படிப் பிறந்த குழந்தையின் மேல் ஊரார் எறியும் சொல் எத்தகைய காயத்தை உண்டாக்குகின்றது என்பதையும் சேர்த்துச் சொல்கின்றது. நம் பங்குகளிலும் கேட்க வேண்டிய செய்தி அது.

மூன்றாவது, 1969-இல் வந்த 'ஐம் லிவிங் இன் ஷேம்'. படித்து உயர்ந்த மகள் தன் ஏழைத் தாயைப் பற்றிப் பிறரிடம் சொல்ல வெட்கி, தாய் இறந்துவிட்டதாகவே பொய் சொல்லி வாழ்கின்றாள். ஒரு நாள் தாயின் சாவுச் செய்தி உண்மையாகவே வருகின்றது. இப்பாடலைக் கேட்ட இரவு நாம் வேறெதையும் கேட்கவில்லை.

பெயரில்லாக் குரல்கள்

பாடல்கள் ஓரளவு பழகிய பின்னர், நம் செவி முன்குரலை விட்டு மெல்லப் பின்குரல்களை நாடிற்று. டயானா ஒரு வரியைப் பாடி மூச்செடுக்கும் இடைவெளியில், புளோரன்ஸும் மேரியும் அதை வாங்கி, தாங்கி, திருப்பித் தருகின்றனர். ஓர் அழைப்பு, ஒரு மறுமொழி. அவ்விரு குரல்களும் இல்லையெனில் முன்குரல் காற்றில் பறக்கும் பட்டு நூல் போல் அலைந்திருக்கும்.

தொடக்க நாட்களில் மூவருமே முன்னின்று பாடியவர்கள். புளோரன்ஸின் குரலே மூவரிலும் வலிமை மிக்கது என்பர். வானொலிக்கு ஏற்ற குரல் டயானாவுடையது எனக் கோர்டி முடிவு செய்தபின், மற்ற இருவரும் பின்னணியாயினர். 1967-இல் குழுவின் பெயரே 'டயானா ராஸும் சுப்ரீம்ஸும்' என்று மாற்றப்பட்டது. அதே ஆண்டில் புளோரன்ஸ் நீக்கப்பட்டார். மனக்கசப்பும் மதுப்பழக்கமும் தவறிய நிகழ்ச்சிகளும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. தனித்துப் பாடியும் வெற்றி கிட்டவில்லை. தொடுத்த வழக்கும் தோற்றது. வீடும் கைவிட்டுப் போயிற்று. குழுவுக்குப் பெயர் தேர்ந்த அப்பெண், அரசு உதவித்தொகை பெற்று மூன்று பெண்மக்களை வளர்க்கும் நிலைக்கு வந்து, 1976 பிப்ரவரி 22-ஆம் நாள், 32-ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார்.

இதில் யாரைக் குறைகூறுவது என்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. டயானாவின் திறமை பொய்யன்று. அவருடைய உழைப்பும் பொய்யன்று. ஆனால் இன்னொன்றையும் அறிந்தோம். 'லவ் சைல்டு' பாடலின் பின்குரல்கள் சுப்ரீம்ஸ் பெண்களுடையவை அல்ல. 'ஆன்டான்ட்ஸ்' என்ற வேறு மூன்று பெண்களுடையவை. மோட்டவுனின் எத்தனையோ பாடல்களில் பாடியும் உறையின் மேல் பெயர் காணாதவர்கள் அவர்கள். பாஸ் கிட்டார் இசைத்த ஜேம்ஸ் ஜேமர்சன் முதலிய வாத்தியக்காரர்களின் பெயர்களும் நெடுங்காலம் அச்சேறவில்லை. 2002-இல் அவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் வெளிவந்தபோது ஜேமர்சன் மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவற்றையெல்லாம் தங்கை மகளிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவள் மனத்திலிருந்தது வெளிவந்தது. பங்கின் பாடகர் குழுவில் ஆறு ஆண்டுகளாக இரண்டாம் குரல் பாடுபவள் அவள். "எல்லாரும் முதற் குரலைத்தான் கேட்கிறார்கள் மாமா. நான் பாடாவிட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த ஆண்டோடு நின்றுவிடலாமென்று நினைக்கிறேன்" என்றாள். அதனாற்றான் இப்பாடல்களை அவள் நமக்குத் தேர்ந்தளித்தாளோ என்னவோ. 'பின்குரலும் புனிதமானதே' என்று எளிதாக ஓர் ஆறுதல் சொல்லிவிடலாம். புளோரன்ஸின் கதையை அறிந்த பின் அவ்வளவு எளிதாகச் சொல்ல நா எழவில்லை. எனவே, "சென்ற ஞாயிறு நன்றிப் பாடலில் உன் குரலை மட்டும் தேடிக் கேட்டேன், அம்மா. இரண்டாம் அடியில் நீதான் பாட்டைத் தாங்கினாய்" என்றோம். அவள் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த பாடலை ஒலிக்கவிட்டாள். பாடகர் குழுவில் அவள் தொடர்வாளா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே! சுப்ரீம்ஸ் பாடல்கள் எல்லாம் சிறந்தவை என்று நாம் சொல்லவில்லை. ஒரு டசனில் ஐந்தாறு நம்முடன் தங்கின. மற்றவை அன்றே மறந்துபோயின. ஆயினும் அவற்றைக் கேட்டதால் நம் செவிக்கு ஒரு பயிற்சி கிடைத்தது. எந்தப் பாடலிலும் இப்போது பின்னிருக்கும் குரலை நாடுகின்றோம். நம் வீடுகளிலும் அத்தகைய குரல்கள் உண்டு. விருந்தினர் குடும்பத் தலைவரைப் புகழும்போது அடுக்களையில் நிற்பவர், படித்த பிள்ளையின் வெற்றிக்குப்பின் படிப்பை நிறுத்திக்கொண்ட தமக்கை, திருவிழா முடிந்தபின் கோவிலைப் பெருக்குபவர் எனப் பலர். அவர்களுக்குப் பொதுவாக நன்றி கூறினால் போதாது. பெயர் சொல்லி அழைத்து, செய்ததை இன்னதென்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதுவும் அவர்கள் காது கேட்க, அவர்கள் வாழும் நாளிலேயே சொல்ல வேண்டும். புளோரன்ஸ் பல்லார்டின் பெயர் இசைப் பெருமைக் கூடத்தில் பொறிக்கப்பட்டது 1988-இல். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்.