வண்டி நிற்கும் நிலம்

பெரிய தேர் உருள்வதற்குச் சிறிய அச்சாணி துணையாக இருப்பதை வள்ளுவர் மறக்கவில்லை. ஓடும் தேருக்கு அச்சாணி எப்படியோ, நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு அப்படி. வண்டி வாங்கப் போனால் எஞ்சினைப் பற்றிக் கேட்கிறோம். மைலேஜைப் பற்றிக் கேட்கிறோம். நிறத்துக்காக அரை மணி நேரம் வாதாடுகிறோம். ஆனால், ‘இது எதன்மேல் நிற்கப் போகிறது?’ என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவு என் ஊர். அங்கே மீன் பிடித்தால் மட்டும் போதாது. ஐஸ் உருகுமுன் பொன்னேரிக்குக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். என் தந்தையார் பிடிக்கும் இறாலும் நண்டும் எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில்தான் போகின்றன. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். என் தேர்வுக் கட்டணமும் பேருந்துக் காசும் அந்த வண்டியின் பின்னால் கட்டிய பெட்டியிலிருந்து வருபவையே. எனவே, வண்டி நிற்பதும் சாய்வதும் எங்களுக்குச் சிறிய செய்தி அன்று.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் அது சாய்ந்தது. மழையில் ஊறிய கரை மணலில் சைடு ஸ்டாண்டு சிறுகச் சிறுகப் புதைந்து, பெட்டியோடு வண்டி இடப்பக்கம் சரிந்தது. கிளட்ச் பிடி ஒடிந்தது. இறால் முழுவதும் மணலில் கொட்டிப் போயிற்று. அன்றைய உழைப்பு அத்தோடு முடிந்தது.

ஏன் சரிந்தது? இயற்பியல் மாணவனாகிய நான் தாளில் கணக்கிட்டேன். ஸ்டாண்டின் அடியில் 15 கிலோ எடை இறங்குவதாகவும், அதன் பாதம் 10 சதுர சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 1.5 கிலோ அழுத்துகிறது. அதன் கீழே 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள பலகை ஒன்றை வைத்தால், பரப்பு 300 சதுர சென்டிமீட்டராகிறது. அழுத்தம் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்து விடுகிறது. இதைப் பெருமையோடு தந்தையாரிடம் காட்டினேன். ஏரிச் சேற்றில் கழி ஊன்றியே தலை நரைத்த அவர், “காலு சிறுத்தா சேத்துல எறங்கும், அகலமா வெச்சா நிக்கும். இதுக்கு எதுக்குடா இவ்ளோ கணக்கு?” என்று சிரித்தார். பாடநூலும் ஏரியும் ஒன்றையே சொல்கின்றன என்பது அன்று எனக்குப் புரிந்தது. பழைய தோணிப் பலகையில் ஒரு துண்டை அறுத்து, கயிறு கோத்து, வண்டியிலேயே தொங்கவிட்டோம்.

ஆனால் பலகை மட்டும் போதாது. உப்புக் காற்றும், மீன் பெட்டியிலிருந்து சொட்டும் நீரும் செயினை அரிக்கின்றன. அதைத் துடைத்து எண்ணெயிட வேண்டுமானால் பின் சக்கரம் தரையைத் தொடாமல் சுழல வேண்டும். சைடு ஸ்டாண்டில் இது நடவாது. இங்கேதான் தேர்வு வருகிறது.

சென்னையிலிருந்து வந்த என் மாமன் மகன் பேடாக் ஸ்டாண்டு வாங்கச் சொன்னான். பந்தய வண்டிகளுக்குப் பயன்படும் அது, பின் சக்கரத்தை அப்படியே தூக்கி நிறுத்தும். யமஹா ஆர்15, கே.டி.எம். டியூக் போன்ற, டபுள் ஸ்டாண்டு இல்லாத வண்டிகளுக்கு அது பேருதவி. ஆயினும் அதற்குச் சிமெண்டுத் தரை வேண்டும். எங்கள் வாசல் மணலில் அதன் சிறு உருளைகள் புதைந்து போகும். வழியில் எடுத்துச் செல்லவும் இயலாது.

டபுள் ஸ்டாண்டோ வண்டியோடு வருவது. 1980இல் வந்த டி.வி.எஸ். 50 சிறிய வண்டிதான். அதிலும் அது உண்டு. இரண்டு கால், ஒரு சக்கரம் என மூன்று புள்ளிகளில் எடை இறங்குவதால், பெட்டி கட்டும்போதும் வண்டி அசையாது. அதைப் போடக் கைவலிமை வேண்டாம். ஸ்டாண்டின் மிதியில் உடல் எடை முழுவதையும் வைத்து மிதித்தால் நெம்புகோல் போல வண்டி தானே ஏறும். நாங்கள் எங்கள் வண்டிக்கு டபுள் ஸ்டாண்டு பொருத்தி, அதன் கீழ் வைக்க அகலமான பலகை ஒன்றும் செய்து கொண்டோம்.

ஓர் எச்சரிக்கை: சக்கரத்தைக் கையால் மட்டுமே சுழற்ற வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கப் போய், விரல் நுனியை இழந்தார். வலை பின்னும் கைக்கு அது எத்தகைய இழப்பு!

சுற்றுலாவுக்கு வேறு கணக்கு. நண்பர்களோடு ஏலகிரிக்குச் சென்றபோது, 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையே ஒருவன் வண்டியில் செயின் தளர்ந்தது. அந்த வண்டியில் டபுள் ஸ்டாண்டு இல்லை. அவனிடம் மடக்கி வைக்கும் ஊன்றுகோல் ஒன்று இருந்தது. சமதளமான இடம் பார்த்து, முன் பிரேக்கைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுகக் கட்டினோம். சைடு ஸ்டாண்டின் மேல் வண்டியைச் சாய்த்ததும் பின் சக்கரம் எழும்பியது. வலப்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் கீழ் கோலை ஊன்றினோம். முன் சக்கரம், சைடு ஸ்டாண்டு, கோல் என்று மீண்டும் மூன்று புள்ளிகள்! கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மலைச் சரிவில் வண்டியின் முகம் மேட்டை நோக்கி இருக்க வேண்டும். கியரிலும் போட்டிருக்க வேண்டும். பள்ளத்தை நோக்கி நிறுத்தினால், வண்டி முன்னே நகர்ந்து ஸ்டாண்டு மடங்கிவிடும். கத்திரி வெயிலில் இளகிய தாரிலும் சைடு ஸ்டாண்டு இறங்கும். அங்கேயும் பலகையே துணை. ஸ்டாண்டையும் நாம் கவனிக்க வேண்டும். அதன் சுருள்வில் துருப்பிடித்து அறுந்தால், ஸ்டாண்டு தொங்கித் திருப்பத்தில் தரையில் இடித்து ஆளையே வீழ்த்தும். மாதம் ஒருமுறை கழுவி, மூட்டில் கிரீஸ் வையுங்கள்.

நண்பர்களே! கடையில் பளபளக்கும் ஸ்டாண்டைக் கண்டு மயங்க வேண்டாம். முதலில் உங்கள் வாசல் மணலா, சேறா, சிமெண்டா என்று பாருங்கள். பிறகு வண்டியில் ஏற்றும் சுமையைப் பாருங்கள். கடைசியாக விலையைக் கேளுங்கள். எந்த ஊரில் நிற்கிறோம் என்பதை அறிந்து கால் ஊன்றுவது வண்டிக்கு மட்டுமன்று, சிற்றூரிலிருந்து படிக்க வந்திருக்கும் நமக்கும் பொருந்தும்.