வண்டி யாருக்காக?

2025ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு பதினொரு மணியளவில் பங்கு இல்லத்தின் கதவு பலமாகத் தட்டப்பட்டது. கடற்கரைக் குடியிருப்பிலிருந்து ஓர் இளைஞன் ஓடிவந்திருந்தான். "சுவாமி, அம்மாவுக்கு நெஞ்சு நோகுதாம். மூச்சு விட ஏலாமல் கிடக்கிறா" என்றான். அவசர ஊர்தி வேறொரு நோயாளியோடு சென்றிருந்தது. மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-32 வீதியின் ஓரத்தில் அமைந்தது எங்கள் பங்கு. அந்த நேரத்தில் அவர்களுக்கு எட்டிய ஒரே வாகனம் பங்கின் கார்தான். நோயாளர் எண்ணெயை எடுத்துக்கொண்டு, தாயையும் மகனையும் ஏற்றிப் புறப்பட்டேன்.

சங்குப்பிட்டிப் பாலத்தை அடைந்தபோது முகப்புப் பலகையில் சிவப்பு முக்கோணம் ஒன்று ஒளிர்ந்தது. பின்னாசனத்தின் அருகிலிருந்த காற்றாடி இரைந்தது. வண்டியின் வேகம் தளர்ந்து, பாலத்தின் நடுவே நின்றுவிட்டது. இருபுறமும் கடலின் இருள். உள்ளே ஒரு தாயின் முனகல். நான் செபித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், மூன்று மாதங்களுக்கு முன் அதே முக்கோணம் ஒருமுறை ஒளிர்ந்து மறைந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அதை நான் பொருட்படுத்தவில்லை. இருபது நிமிடங்களின் பின் மீன் ஏற்றிச் சென்ற சிறிய லொறி ஒன்று வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. இறைவன் அருளால் அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இருபது நிமிடங்கள் என்னை விட்டு அகலவில்லை.

அந்த வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது 2010இல் யப்பானில் உருவான ரொயோட்டா பிரியஸ். புலம்பெயர்ந்த பங்கு மக்கள் சிலரின் உதவியோடு 2013இல் பங்குக்கு வாங்கப்பட்டது. 'பிரியஸ்' என்பது இலத்தீன் சொல். 'முன்னதாக' என்று பொருள். பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் காராக அது 1997 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. குருமடத்தில் அரைகுறையாகக் கற்ற இலத்தீன், ஒரு காரின் பெயரை விளங்கிக்கொள்ளவாவது உதவியதே என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் அதில் இணைந்து உழைக்கின்றன. தடையை அழுத்தும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கிப் பற்றறியில் சேமித்துக்கொள்ளும் விந்தை அதன் சிறப்பு.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை யார்தான் மறப்பார்? அவ்வாண்டு யூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவானது. யூலையில் கியூஆர் அட்டை முறை வந்தபோது கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அந்த 20 லீற்றரில் எங்கள் வண்டி முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடிற்று. மற்ற வாகனங்கள் முற்றங்களில் உறங்கியபோது அது நோயாளரையும் கர்ப்பிணிகளையும் சுமந்து திரிந்தது. பாலத்தில் அது நின்ற இரவில் ஓட்டமானி 287,000 கிலோமீற்றரைக் கடந்திருந்தது. அது நின்றதற்குச் செய்தவர்களைக் குறைகூற மாட்டேன். வயதின் இயல்பு அது. எனக்கும் முழங்கால் நோகிறது.

யாழ்ப்பாணத்தில் ஒரு திருத்தகத்துக்கு வண்டியை இழுத்துச் சென்றோம். அங்குள்ள மெக்கானிக் முப்பது வயதைத் தாண்டாத தம்பி, சைவ சமயத்தவர். பின்னாசனத்துக்குப் பின்னாலிருந்த பற்றறித் தொகுதியைத் திறந்து பொறுமையாக விளக்கினார். இருபத்தெட்டுத் துண்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டு மொத்தம் ஏறத்தாழ 201 வோல்ட் தருகின்றன. அவற்றுள் ஒன்று சோர்ந்தாலும் முழுத் தொகுதியும் தடுமாறும். குளிர்விக்கும் காற்றாடியின் வாயில் எங்கள் வீதிகளின் செம்புழுதி ஒரு கம்பளம்போல் படிந்திருந்தது. வெப்பமே அந்தப் பற்றறியின் பெரும் பகை.

"பழுதான ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா தம்பி?" என்று கேட்டேன். அதுவே மலிவான வழி.

"மாத்தலாம் ஃபாதர். ஆனா மற்ற இருபத்தேழும் அதே வயசு. இன்னும் நாலைஞ்சு மாசத்திலை பக்கத்திலை உள்ளது விழும். காசு போறதைப் பற்றிக் கவலையில்லை எண்டா செய்து தாறன்" என்றார்.

பழைய ஆடையில் புதிய துணியை ஒட்டுப்போடுவது பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமை நினைவுக்கு வந்தது. எத்தனையோ ஞாயிறுகளில் அதற்கு மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஒரு சைவத் தம்பியின் எண்ணெய்க் கையிலிருந்துதான் அதன் நடைமுறைப் பொருள் எனக்கு விளங்கிற்று.

அடுத்த ஞாயிறு அருட்பணிச் சபை கூடியது. இளைஞர்கள் ஒருமுகமாக இருந்தார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. பழையதை விற்று, கனடாவிலுள்ள நம்மவரிடம் உதவி கேட்டு வேறொன்றை வாங்குவோம் என்றார்கள். கணக்குப் பார்த்தோம். இதைவிட ஓரளவு இளைய வண்டிக்கு, விற்ற பணத்தோடு மேலும் முப்பது இலட்சம் ரூபாவாவது வேண்டும். புதிய பற்றறித் தொகுதிக்கு ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பங்கு நிதியில் இருந்ததோ கிளை ஆலயத்தின் கூரைக்காகச் சேர்த்த ஏழு இலட்சம்.

மூத்தவர் ஒருவர் எழுந்து, "தொண்ணூறுகளிலை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை மொறிஸ் மைனர் ஓட்டின ஆக்கள் நாங்கள். திருத்துறதை விட்டிட்டு எறியிறதை எப்ப பழகினம்?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் கூறியது உண்மைதான். பொருளாதாரத் தடையின் அந்த ஆண்டுகளில், கொழும்புத்துறைக் குருமடத்தில் நான் மாணவனாயிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். எதையும் திருத்தி வாழ்வது எம் மண்ணின் அறமாகவே ஆகிவிட்டது.

அன்றிரவு என் உள்ளத்தை ஆராய்ந்தேன். பழைய வண்டியை வைத்திருக்க நான் விரும்பியதன் காரணம் என்ன? எளிமையா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் குருத்துவ மாணவரிடம் பேசுகையில், குருவானவர் ஒருவர் அண்மைய ரகக் காரில் செல்வதைக் காண்பது தமக்கு வேதனை தருகிறது என்றார். அதே ஆண்டு இத்தாலியக் குரு ஒருவர் தமக்களித்த, 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடிய 1984ஆம் ஆண்டு ரெனோ காரை மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டார். அச்செய்தியை நான் பலரிடம் கூறியிருக்கிறேன். கூறும்போதெல்லாம் என் பழைய காரும் அவர்கள் கண்ணில் படவேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது! அதனால்தான் முதன்முறை ஒளிர்ந்த முக்கோணத்தைப் புறக்கணித்தேன். என் எளிமைக்கு விலை கொடுக்கவிருந்தவர் மூச்சுத்திணறிய ஒரு தாய். பிறருடைய உயிரைப் பணயம் வைக்கும் எளிமை எளிமையன்று; அது கந்தல் உடுத்திய ஆணவம்.

புதிய வண்டிக்கான விருப்பமும் என்னுள் இல்லாமலில்லை. ஐம்பத்தைந்து வயதில் குளிரூட்டியும் மெத்தென்ற இருக்கையும் உடலுக்கு இதந்தான். அதை 'மக்கள் பணிக்காக' என்று பெயரிட்டு அழைப்பது மிக எளிது.

புனித தோமஸ் அக்குவினாஸ் விவேகம் என்னும் புண்ணியத்தை ஆராயும்போது அதன் கூறுகளாக எட்டைக் கூறுகிறார். நினைவு, பிறரிடம் கற்கும் பணிவு, வருவதை முன்னுணர்தல், சூழ்நிலையை நோக்குதல், முன்னெச்சரிக்கை ஆகியனவும் அவற்றுள் அடங்கும். தேர்வுக்காக மனனம் செய்த அந்தப் பட்டியலை ஒரு காருக்காக மீண்டும் எடுத்தேன். நினைவு, அந்த வண்டி இதுவரை எதில் தவறியது, எதில் தவறவில்லை என்று கேட்டது. பணிவு, இளைய மெக்கானிக்கின் சொல்லைக் கேள் என்றது. முன்னுணர்வு, அடுத்து எது பழுதாகும் என்று வினவியது. சூழலோ கூரையைச் சுட்டிக்காட்டியது.

மீண்டும் தம்பியிடம் சென்று இயந்திரத்தையும் தடைத் தொகுதியையும் முழுமையாகச் சோதிக்கச் சொன்னேன். இயந்திரத்தின் அமுக்கம் நன்றாக இருந்தது, குளிர்நீர் குறையவில்லை, உடற்பகுதி துருப்பிடிக்கவில்லை. ஆகவே திருத்துவதென முடிவு செய்தோம். ஆனால் ஒட்டுப்போடுவதில்லை. தொகுதி முழுவதையும் புதிதாக மாற்றினோம். காற்றாடியின் வாய்க்கு வலை போட்டோம். அதை மாதந்தோறும் துப்புரவு செய்வது இளைஞர் ஒன்றியத்தின் பொறுப்பு. இயந்திரத்தில் பெரும் பழுது வரும் நாளில் தயங்காமல் விற்றுவிடுவது என்றும் சபைக் குறிப்பேட்டில் எழுதி ஒப்பமிட்டோம். பற்றுக்கும் ஓர் எல்லை வேண்டுமல்லவா?

கூரைப் பணம் பற்றறிக்குப் போனது. அதுதான் என்னை வருத்தியது. மழைக்கு முன் கூரை வேயப்பட வேண்டும் என்று காத்திருந்த கிளை ஆலய மக்களிடம் நேரில் சென்று சொன்னேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அந்த இரவு வண்டியில் வந்த தாயே, மகனின் தோளைப் பற்றியபடி எழுந்தார். "மழைக்கு ஒதுங்கி நிண்டு பூசை காணலாம் சுவாமி. அந்தப் பாலத்திலை ஒதுங்க இடமில்லை" என்றார்.

அவ்வாண்டு மாரியில் தார்ப்பாயின் கீழ்தான் திருப்பலி நிறைவேற்றினேன். பீடத்தின் ஒரு மூலையில் நீர் சொட்டியது. வெளியே வண்டி நின்றது. அதன் திறப்பு இப்போது என் அறையில் இல்லை. பங்கு இல்ல வாசலில், எவரும் எடுக்கக்கூடிய ஆணியில் தொங்குகிறது. இரவில் ஓட்டத்தெரிந்த நால்வரின் பெயர்கள் அதன் அருகே எழுதப்பட்டுள்ளன. என் பெயர் நான்காவது.